மாமாநேட்டலி பிரசவ மாதிரி: எதைக் கற்றுத்தரும், எதைக் கற்றுத்தராது

பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் மாதிரிகளில் விலை உயர்ந்தவை பெரும்பாலும் கட்டிலில் கிடப்பவை. கண் சிமிட்டும், நாடி துடிக்கும், மோட்டார் வைத்துக் குழந்தையை வெளியே தள்ளும். மாமாநேட்டலியில் இவை எதுவும் கிடையாது. முன்பக்கம் வயிறும் இடுப்பும் போன்ற ஒரு கூடு, அதில் தோளில் மாட்டும் பட்டையும் இடுப்புப்பட்டையும், உள்ளே ரத்தப்பை, கர்ப்பப்பை, நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி. பயிற்றுநர் அதைத் தன் உடம்பில் கட்டிக்கொண்டு பிரசவிக்கும் தாயாக நடிக்க வேண்டும். மின்சாரமே வேண்டாம். நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரைச் சேர்ந்த லேர்டால் குளோபல் ஹெல்த் தயாரிப்பு இது. குழந்தையாக வருவது அதே நிறுவனத்தின் நியோநேட்டலி.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். நஞ்சுக்கொடி (சுருக்கமாக நஞ்சு) வெளியேறும் கட்டம், அதற்குப் பின் வரும் ரத்தப்போக்கு, தாயிடம் பேசும் முறை ஆகிய மூன்றுக்கும் இந்த விலைத் தரத்தில் இதைவிடப் பொருத்தமான மாதிரி கிடையாது. உள்பரிசோதனை, யோனிவாய்க்குக் கை கொடுத்துத் தாங்குதல், தையல் ஆகியவற்றுக்கு இது வேலைக்கு ஆகாது. இன்னொன்று, கட்டிக்கொள்பவருக்குப் பயிற்சி இல்லையென்றால் நல்லவற்றையும் தப்பாகவே கற்றுத்தரும். விமர்சனத்தில் பெரும்பகுதி பொருளைவிட அந்தக் கட்டிக்கொள்பவரைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

தயார் செய்வது

நியோநேட்டலி உள்ளே நிரப்ப வேண்டிய பொம்மை, தட்டையாக வரும். அதற்குள் ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. பிறந்த குழந்தையின் சூடும், கை தொங்கும் கனமும் அப்போதுதான் வரும். ஊற்றி முடித்ததும் மூடியை மேல்பக்கமாகப் பிடித்து, மிச்சக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். காற்று தங்கினால் குழந்தை கையில் சளசளவென்று அலம்பும், தலையும் உப்பி நிற்கும். காற்றை மட்டுமே அடைத்து 'இன்றைக்கு இது போதும்' என்று நடத்துவதில் பயனில்லை. எடையில்லாத குழந்தையை ஒரு கையால் தூக்கிப் பழகியவர், வழுக்கும் உண்மைக் குழந்தையையும் அப்படியேதான் தூக்கப் போவார்.

செயற்கை ரத்தத்துக்கான செறிவைத் தண்ணீரில் கலக்கிக் கட்டியில்லாமல் வடிகட்டிய பிறகே பைக்குள் ஊற்ற வேண்டும். சின்னக் கட்டி ஒன்று போதும், குழாய் அடைத்துக்கொண்டு, ரத்தம் வேண்டிய நேரத்தில் வராது. அதன் பிறகு ஒரு அளவுக் குவளையை அடியில் வைத்து, குழாயைத் திறந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி விழுகிறது என்று பாருங்கள். எவ்வளவு திறந்தால் சொட்டும், எவ்வளவு திறந்தால் ஓடும் என்பதை விரல் அறிந்திருக்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் தொடங்கும் வகுப்புகளில் முதல் நிமிடத்திலேயே பை காலியாகிவிடும். மிச்ச நேரமெல்லாம் 'ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று வாயால் சொல்ல வேண்டியதுதான்.

கட்டும் உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூடு வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் குழந்தை வெளிவரும் வாசல் தொடைக்கு மேலே போய்விடும், மாணவரின் கைக்கோணம் மாறிவிடும். கூட்டின் வாசல் கட்டியிருப்பவரின் உண்மையான இடுப்புக்கு நேராக, உட்காரும் பரப்பைத் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். கட்டிலின் விளிம்புக்கு வந்து, முதுகுக்குத் தலையணை வைத்துப் பாதி சாய்ந்து உட்கார்ந்தபின் பட்டைகளை இறுக்குங்கள். நின்றபடி இறுக்கிவிட்டு உட்கார்ந்தால் எல்லாம் மேலே ஏறிவிடும். குழந்தையின் தலைக்கும் வாசலின் உள்பக்கத்துக்கும் தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல் போதும். எண்ணெய், வாசலைன் எதுவும் வேண்டாம். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு வாளி.

பார்ப்பவரின் கண்ணில் படாமல் கட்டியிருப்பவரின் கைகள் கூட்டின் மேல்பக்கத்திலிருந்து உள்ளே போகும். ஒரு கை குழந்தையைத் தள்ளும், திருப்பும். அதே கைதான் பிறகு கர்ப்பப்பையைக் கல்லாக்கும், தளர விடும், நஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கை ரத்தக் குழாயில். குழந்தையின் இதயத்துடிப்பு ஒலியையும் அவரே எழுப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வலியில் முனக வேண்டும், மாணவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். மாணவர்கள் முன்னால் வைத்துப் பழகாமல், சக பயிற்றுநர் ஒருவரைப் பிரசவம் பார்க்கச் சொல்லி முழுவதுமாக ஒத்திகை பார்த்துக்கொள்வது அவசியம்.

நஞ்சு வெளியேறும் கட்டம்

மாதிரியின் உண்மையான மதிப்பு இங்கேதான். குழந்தை பிறந்ததும் வயிற்றில் கை வைத்து இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்வது, ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையை இறுக்கும் மருந்தான ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடுவது, குழந்தைக்கு மூச்சு உதவி தேவைப்படாவிட்டால் 1 முதல் 3 நிமிடம் கழித்துத் தொப்புள்கொடியில் இடுக்கி போடுவது, கர்ப்பப்பை இறுகியதும் ஒரு கையால் அடிவயிற்றின் கீழ்முனையில் உள்ள பூப்பெலும்புக்கு மேலே எதிர் அழுத்தம் கொடுத்துக்கொண்டு மறு கையால் கொடியைச் சீராக இழுப்பது. இந்த வரிசை முழுவதையும் தடங்கலில்லாமல் செய்து பார்க்கலாம்.

தவறு நடப்பது எங்கே என்றால், கட்டியிருப்பவர் நஞ்சைச் சுலபமாகக் கொடுத்துவிடுவதில். கைக்குள் இருக்கும் நஞ்சை மாணவர் இழுத்த உடனே விட்டுவிட்டால், 'இழுத்தால் வரும்' என்பதுதான் அந்தக் கை கற்றுக்கொள்ளும் பாடம். கர்ப்பப்பை உள்ளிருந்து வெளியே பிதுங்கி வருவதற்கும், கொடி அறுந்து போவதற்கும் வழிவகுக்கும் பழக்கம் அது. அதனால் ஒரு கட்டாய விதி வைத்துக்கொள்ளுங்கள்: கர்ப்பப்பை இறுகாதபோது இழுத்தாலும், எதிர் அழுத்தக் கை வயிற்றில் இல்லாவிட்டாலும் நஞ்சை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வலி வரை காத்திருந்து, இரண்டு கையும் சரியான இடத்தில் இருந்தால் மட்டும் மெல்ல விட வேண்டும். வந்த நஞ்சை மாணவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, முழுதாக இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்த வேலை. இந்தப் பரிசோதனையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு, சற்று நேரம் கழித்து ரத்தக் குழாயைத் திறந்துவிடுவது நல்ல தண்டனை.

ரத்தப்போக்கு

500 மில்லியோ அதற்கு மேலோ போனால் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு என்று எல்லா மாணவருக்கும் மனப்பாடம். துணியில் ஊறியதைக் கண்ணால் பார்த்து 500 என்று சொல்ல யாராலும் முடியாது. எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள். மாமாநேட்டலியின் ரத்தம் இந்த அறியாமையைப் பட்டவர்த்தனமாக்கும். முதல் சுற்றில் அளவு பார்க்கும் விரிப்பு இல்லாமல் நடத்தி ஒவ்வொருவரையும் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் அளவுக் கோடு போட்ட ரத்த விரிப்பை இடுப்புக்கு அடியில் செருகுங்கள். வித்தியாசத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், விளக்கவுரை வேண்டியதில்லை.

இந்த விரிப்பு வெறும் வகுப்பறைக் கருவி அல்ல. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்து 2023இல் முடிவு வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வின் அடித்தளமே அதுதான். அளவு விரிப்பால் சீக்கிரம் கண்டுபிடித்து, வயிற்றைத் தேய்த்தல், ஆக்ஸிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சிரை வழித் திரவம், காரணத்தைத் தேடிப் பரிசோதித்து மேல் உதவி கேட்டல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே தொகுப்பாகச் செய்தபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதன் பெரிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. எனவே மாதிரியில் பழகும்போதும் பழைய ஏணி முறையில், ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது என்று நடத்தாதீர்கள். மூன்று பேரை நிறுத்துங்கள்: ஒருவர் வயிற்றில் கை, ஒருவர் மருந்து, ஒருவர் திரவமும் நாடி, ரத்த அழுத்தமும். 'டிரானெக்ஸாமிக் 1 கிராம், 10 நிமிடத்தில் மெல்லச் சிரை வழியாக, பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள்' என்று மருந்துக்காரர் உரக்கச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கர்ப்பப்பையை எப்போது இறுக்குவது என்பதும் கட்டியிருப்பவர் கையில்தான். மாணவர் தொப்புளுக்குக் கீழே மேலோட்டமாகத் தடவினால் அது தளர்ந்தே இருக்கட்டும். கையைக் குவித்துக் கர்ப்பப்பையின் மேல்முனையைப் பிடித்துத் தேய்த்தால் மட்டும் இறுகட்டும், கையை எடுத்ததும் மறுபடி தளரட்டும். உண்மையில் தளர்ச்சி அப்படித்தான் திரும்பத் திரும்ப வரும். இரு கை அழுத்தத்துக்கும் மாதிரியில் இடம் இருக்கிறது: ஒரு முஷ்டி உள்ளே, மறு கை வயிற்றின் மேல். பெரும்பாலானோர் அரை நிமிடத்தில் 'செய்துவிட்டேன்' என்று கையை எடுப்பார்கள். எடுத்தால் குழாயைத் திறந்துவிடுங்கள். குறைந்தது 5 நிமிடம் அழுத்திப் பிடித்தால் தோளும் மணிக்கட்டும் எப்படி நோகும், அடுத்தவரை எந்த நொடியில் கை மாற்ற அழைக்க வேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது.

மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை இறுகாது என்பதையும் இதில் காட்டலாம், குழாய் போட்டு வடிக்கும் வசதி உண்டு. பலர் மறந்துபோகும் படி என்பதால் மாதம் ஒரு சுற்றாவது இதையே காரணமாக வைத்து நடத்துவது நல்லது.

பேசத் தெரிந்த தாய்

கட்டிலில் கிடக்கும் பொம்மைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் முகம். முதல் நாளில் எல்லா மாணவரும் பிளாஸ்டிக்கைப் பார்த்துத்தான் பேசுவார்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் மட்டுமே பதில் சொல்வது என்று கட்டியிருப்பவர் முடிவு செய்துகொண்டால் போதும், கொஞ்ச நேரத்தில் தலைகள் நிமிரும். 'அம்மா, இப்ப கீழே கை வைச்சுப் பார்க்கப் போறேன், சரியா?' என்று கேட்காமல் கை வைத்தால் தொடைகளை மூடிக்கொள்ளுங்கள். வலி இல்லாத நேரத்தில் 'முக்கு, முக்கு' என்று கத்தினால் முக்காமல் 'எனக்கு வலியே இல்லையே' என்று சொல்லுங்கள். குழந்தையை அப்பால் எடுத்துப் போனால் 'என் பிள்ளை ஏன் அழல?' என்று ஒருமுறை அல்ல, பதில் வரும் வரை கேளுங்கள். மூச்சு கொடுக்கும் வேலைக்கு நடுவிலும் அந்தக் கேள்விக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லப் பழகுவது ஒரு தனித்திறமை. எந்த மோட்டார் பொம்மையாலும் இதைக் கேட்க முடியாது.

நடிப்பு அளவு மீறக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அலறி ஆர்ப்பாட்டம் செய்யும் பயிற்றுநருக்கு வகுப்பில் சிரிப்பு கிடைக்கும், கற்றல் கிடைக்காது.

குழந்தைப் பக்கம்

நியோநேட்டலியோடு குழாயால் இணைந்த சிறு அழுத்துக் குமிழ்களை அழுத்தினால் அது அழும், மூச்சு விடும், கொடியில் நாடி துடிக்கும். மூச்சு கொடுக்கும் பையின் முகமூடி முகத்தில் காற்றுக் கசியாமல் பொருந்தி, தலை லேசாக நிமிர்ந்த நிலையில் இருந்தால்தான் மார்பு உயரும். இது நல்ல அமைப்பு. பிறந்த ஒரு நிமிடத்துக்குள் துடைத்து, தூண்டி, மூச்சில்லையென்றால் பையால் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 தடவை. கடிகாரத்தைச் சுவரில் மாட்டி வையுங்கள். உறிஞ்சு கருவியைத் தேடுவதிலேயே அந்த ஒரு நிமிடம் கரைந்துபோவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

குறை ஒன்று இருக்கிறது. குழந்தை வெளியே வந்ததும் தாயாக இருப்பவரால் குமிழ்களை இயக்க முடியாது. அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். ஒரே பயிற்றுநர் உள்ள இடங்களில் தாயையும் குழந்தையையும் ஒரே காட்சியில் வைக்காமல் தனித்தனியாக நடத்துவதே மேல். நாடியை 100க்கு மேலும் 60க்குக் கீழும் சரியாகக் காட்ட, குமிழ் பிடிப்பவர் போனில் தாளக் கருவிச் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். குத்துமதிப்பாக அழுத்தினால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே நாடிதான் வரும். தொடங்கும் முன் பையை ஒருமுறை அழுத்தி மார்பு உயர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளிருக்கும் நுரையீரல் பை மடங்கியிருந்தால், மாணவர் எல்லாம் சரியாகச் செய்தும் பலிக்காமல் குழம்பிப் போவார்.

எதற்கு ஆகாது

கர்ப்பப்பை வாய் இங்கே ஓர் அடையாளம் மட்டும்தான், விரிந்து கொடுக்காது. எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று விரலால் அறியத் தனி மாதிரிகள் வேண்டும். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கெட்டி அட்டையில் 2, 4, 6, 8 சென்டிமீட்டர் வட்டங்களை வெட்டித் துணிப் பைக்குள் போட்டு, பார்க்காமல் அளக்கச் சொல்லுங்கள், அதுவே இதைவிட நன்றாகக் கற்றுத்தரும். தலை வெளியேறும்போது யோனிவாய்த் தசை இழுபட்டு மெலிவதை இந்தப் பொருளால் காட்ட முடியாது. அங்கே கை கொடுத்துப் பழகுவது வெறும் சடங்கு. கிழிசல் தைப்பதற்குப் பஞ்சுத் திண்டு தனியாக வாங்குங்கள்.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்த மாடாம் து குத்ரே துணியாலும் தோலாலும் செய்த 'இயந்திரம்' ஒன்றை வைத்திருந்தார். அதில் வாரும் கயிறும் கோத்து, இழுத்தால் யோனிவாய் விரியும்படி அமைத்திருந்தார். எஞ்சிய ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கயிற்றால் செய்ய முடிந்ததை இன்றைய பிளாஸ்டிக் விட்டுவிட்டது கொஞ்சம் வருத்தம்தான்.

தலை வந்தபின் தோள் உள்ளே சிக்கும் பிரசவத்தில் இது பாதிக்குப் பாதி. உயிருள்ள ஒருவரின் கால்களை இரண்டு பேர் பிடித்துத் தொடைகளை வயிற்றோடு மடக்குவது, கைகால் ஊன்றித் திரும்பச் சொல்வது, நேரத்தைக் குறிப்பவர் உரக்கச் சொல்வது எல்லாம் பிரமாதமாக வரும். ஆனால் தண்ணீர் நிறைந்த மெத்தென்ற உடம்பில் குழந்தையின் பின்பக்கக் கையைத் தேடி எடுக்கும் உணர்வு வராது, எத்தனை பலத்தோடு தலையை இழுத்தார் என்பதும் தெரியாது. உள்ளே குழந்தையைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டுக்கும் ஆபத்து. மாணவர் வெறியோடு இழுத்தால் உடனே விட்டுவிட்டுக் காட்சியை நிறுத்தச் சொல்லி ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் பலத்தை அளந்து காட்டும் 'பிராம்ப்ட்' வகை மாதிரி இதற்கென்றே இருக்கிறது. பிரிஸ்டலின் சவுத்மீட் மருத்துவமனையில் அத்தகைய பயிற்சியைப் பணியாளர் அனைவருக்கும் கட்டாயமாக்கிய பிறகு, தோள் சிக்கிப் பிறந்த குழந்தைகளில் காயம்பட்டவர்களின் பங்கு 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்ததாக 2008இல் பதிவானது. இந்த ஒரு திறனுக்காகவே தனியாகப் பணம் ஒதுக்குவதில் தப்பில்லை.

பாதுகாப்பும் பராமரிப்பும்

எதிரே உட்கார்ந்திருப்பது உயிருள்ள மனிதர் என்பதால் உண்மையான ஊசி அவர் அருகில் வரவே கூடாது. மருந்துக்காரர் ஊசி போடுவதெல்லாம் பக்கத்து மேசையில் இருக்கும் ஊசித்திண்டில். திரவம் ஏற்றுவது பொம்மைக் கையில். பயிற்சிக்கு வைத்த மருந்துக் குப்பிகள் எல்லாவற்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று சிவப்பில் ஒட்டி, வகுப்பு முடிந்ததும் எண்ணி எடுத்துப் பூட்டுங்கள். பிரசவ அறையிலேயே பயிற்சி நடத்தும்போது, தண்ணீர் நிரப்பிய ஆக்ஸிடோசின் குப்பி நிஜத் தட்டுக்குள் போய்விடுவதைவிட மோசமான விபத்து இல்லை.

முடித்த உடனே ரத்தப்பையையும் குழாயையும் நல்ல தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளே காய்ந்து பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை குழாய் அடைக்கும். குழந்தையின் தண்ணீரை வடித்துவிட்டு, மூடியைத் திறந்தபடி தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடித்து நாற்றம் போகாது. மிதமான சோப்புத் தண்ணீர் போதும். பால்பாயின்ட் மையும் செய்தித்தாள் அச்சும் இந்தத் தோலில் ஊறினால் நிரந்தரக் கறை, ஆகவே பழைய பேப்பரில் சுற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு மாதிரிக்கு ஆறு மாணவருக்கு மேல் வேண்டாம். காட்சி 10 நிமிடம் என்றால் அதைப் பற்றிய உரையாடல் 20 நிமிடம். கட்டியிருப்பவர் தாயாக இருந்து உணர்ந்ததை முதலில் சொல்லட்டும், சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருப்பவர் பிறகு. ஒரு முழுநாள் வகுப்பைவிட, வாரம் ஒருமுறை வேலைக்கு நடுவே 15 நிமிடம் ஒரே திறனைச் செய்து பார்ப்பது கையில் அதிகம் தங்கும். இந்த மாதிரி எளிதில் தூக்கிச் செல்லக்கூடியது என்பதால் அதற்கு ஒத்துழைக்கும்.

கையில் பணம் மிகக் குறைவென்றால், மருத்துவமனைக் கால்சட்டையைத் தைத்து மாற்றிய 'பார்ட்டோபேன்ட்ஸ்' இருக்கிறது. ரத்தமும் குழந்தையும் அதிலும் வரும், கர்ப்பப்பையைத் தேய்க்கும் உணர்வு இந்த அளவுக்கு வராது. மாமாநேட்டலி வாங்குவதென்றால் கூடவே செயற்கை ரத்தச் செறிவும் உபரித் தொப்புள்கொடிகளும் சேர்த்து வாங்குங்கள், ஒவ்வொரு சுற்றிலும் கொடியை வெட்டினால் சீக்கிரம் தீர்ந்துவிடும், பெரும்பாலான சுற்றுகளில் இடுக்கி போட்டு வெட்டியதாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிந்தால் இரண்டாவது நியோநேட்டலி ஒன்றும். ஒன்று காயும்போது மற்றொன்று வகுப்பில் இருக்கும், ஆக்ஸிடோசின் போடும் முன் வயிற்றில் கை வைத்து இரட்டைக் குழந்தை இல்லை என்று உறுதி செய்ய மறந்தவருக்கு, உள்ளிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுக்கவும் செய்யலாம்.